மௌனம் சம்மதம் அன்று

2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி இரவு, கிட்லாப் என்ற நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர், துணைச் சேவையகத்தில் அழிக்க நினைத்த தரவுகளைத் தவறுதலாக முதன்மைச் சேவையகத்தில் அழிக்கத் தொடங்கினார். தவறு புரிந்து அவர் நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட் தரவில் நாலரை கிகாபைட்டே எஞ்சியிருந்தது. உலகெங்குமுள்ள மென்பொருள் எழுதுவோர் தங்கள் ஆக்கங்களைச் சேமித்து வைக்கும் தளம் அது. உடனே காப்புப்பிரதிகளைத் தேடினார்கள். ஒவ்வொரு நாளும் தானாகவே எடுக்கப்பட்டுத் தொலைவிலுள்ள களஞ்சியத்துக்கு அனுப்பப்படுவதாக எல்லோரும் நம்பியிருந்த பிரதி அங்கே இல்லை. களஞ்சியம் வெறுமையாக இருந்தது.

அதற்கான காரணத்தை அந்நிறுவனம் பின்னர் ஒளிவுமறைவின்றி வெளியிட்டது. தரவுத்தளம் 9.6 என்ற பதிப்பில் இயங்கிக்கொண்டிருந்தது. பிரதி எடுக்கும் கருவியோ 9.2 என்ற பழைய பதிப்பைச் சேர்ந்தது. இரண்டும் பொருந்தாமையால் ஒவ்வொரு நாளும் பிரதியெடுக்கும் வேலை தோல்வியில் முடிந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த வேலை வாய்பேசாமல் தோற்கவில்லை என்பதாகும். 'நான் தோற்றுவிட்டேன்' என்று அது மின்னஞ்சல் எழுதியது. ஆனால் அக்கடிதங்கள் உரிய முறையில் அடையாளம் உறுதிசெய்யப்படாதவையாக இருந்தன. டிமார்க் எனப்படும் அனுப்புநர் சரிபார்ப்பு விதி அவற்றுக்கு ஒழுங்குசெய்யப்படவில்லை. ஆகவே பெறும் பக்கத்து அஞ்சல் சேவையகம் அவற்றை வாசலிலேயே திருப்பிவிட்டது. எழுதியவர் எழுதினார், வாசிக்க வேண்டியவரின் கையை ஒரு கடிதமும் எட்டவில்லை. கடிதம் வராததைக் கண்டவர்கள் யாவும் நலம் என்று எண்ணியிருந்தார்கள்.

பொறியியலாளர் ஒருவர் வேறொரு தேவைக்காக ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் முன்னதாகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நிழற்பிரதி அந்நிறுவனத்தைக் காப்பாற்றியது. அப்படியிருந்தும் அன்று மாலை 5.20 முதல் நள்ளிரவு வரை அத்தளத்தில் நிகழ்ந்த மாற்றங்கள் இல்லாமற் போயின. ஏறத்தாழ 5,000 திட்டங்கள், 5,000 கருத்துரைகள், 700 புதிய பயனாளர் கணக்குகள் அவற்றுள் அடங்கும்.

தவறுதலாக அழித்த பொறியியலாளரைப் பற்றி அன்று உலகம் நிறையப் பேசியது. என் பார்வையில் அவர் இந்தக் கதையின் முக்கிய பாத்திரம் அல்லர். கை தவறுவது மனித இயல்பு. வாசிக்கப்படாமற் போன கடிதமே இக்கதையின் முக்கிய பாத்திரம். அக்கடிதத்தைப் பற்றித்தான் இங்கு எழுத விரும்புகிறேன். இது கணினிக்காரருக்கு மட்டும் உரிய விடயம் என்று எண்ணி வாசகர்கள் நகர்ந்துவிட வேண்டாம். உங்கள் சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கின் நாள்முடிவு, வைத்தியசாலைப் பதிவேடு, நீங்கள் வாசிக்கும் பத்திரிகையின் இணையப் பதிப்பு ஆகிய அனைத்தும் இந்தக் கடிதத்தை நம்பியே இருக்கின்றன.

ஒரு நிறுவனத்தில் மனிதர்கள் வீடு சென்ற பின்னர் வேலை செய்யும் பணியாள் ஒருவர் இருக்கிறார். குறித்த நேரத்தில் குறித்த வேலையைத் தானே தொடங்கி முடிக்கும் மென்பொருளைத்தான் சொல்கிறேன். நேரசூசிப்படி இயங்குவதால் அதை நேரசூசி மென்பொருள் என்று இக்கட்டுரையில் அழைப்போம். நள்ளிரவில் பிரதி எடுப்பது, விடியற்காலையில் அறிக்கை தயாரிப்பது, மாத இறுதியில் வட்டி கணக்கிடுவது யாவும் அதன் பொறுப்பு. அதற்கு வாய் கிடையாது. எஜமானிடம் எதையாவது சொல்ல வேண்டுமானால் அது மின்னஞ்சல் எழுத வேண்டும். மின்னஞ்சல் எழுத வேண்டுமானால் அதற்கு ஒரு பெயர், ஒரு முகவரி, எந்த அஞ்சல் சேவையகத்தின் வழியாக அனுப்புவது என்ற தகவல், அங்கே நுழைவதற்கான கடவுச்சொல் ஆகியவை தேவை. இவ்வளவையும் ஒருசேரக் கட்டி வைத்த பொதியைத்தான் கணினிக்காரர் 'புரொபைல்' என்கிறார்கள். நாம் அதை விவரக்கோவை எனலாம்.

இந்த விவரக்கோவையை அமைப்பது எந்த நிறுவனத்திலும் மிகவும் கீழ்நிலை வேலையாகவே கருதப்படுகிறது. மென்பொருளை நிறுவும் நாளின் இறுதி அரைமணி நேரத்தில், களைத்துப்போன ஒருவர், தன்னுடைய சொந்த மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் இட்டு, ஒரு சோதனைக் கடிதம் போய்ச் சேர்ந்ததைக் கண்டதும் எழுந்து சென்றுவிடுவார். அந்த அரைமணி நேரத்தில்தான் எதிர்காலத்து விபத்துகளில் பாதி விதைக்கப்படுகின்றன என்பது என் கருத்து.

இதன் வரலாறு சுவையானது. யூனிக்ஸ் கணினிகளில் 1970களின் இறுதியிலிருந்தே 'கிரோன்' என்ற நேரசூசி மென்பொருள் உண்டு. 1987இல் போல் விக்சி எழுதிய வடிவமே பின்னர் பெரிதும் பரவியது. அதன் வழக்கம் எளியது. வேலை ஏதாவது வெளியீட்டைத் தந்தால் அதை அப்படியே வேலையின் உரிமையாளருக்கு மின்னஞ்சலாக அனுப்பும். ஒன்றும் வெளியிடவில்லையாயின் கடிதமும் இல்லை. பெரும்பாலான வேளைகளில் உரிமையாளர் என்பவர் 'ரூட்' என்ற கணினியின் தலைமைக் கணக்கு. அந்தக் கணக்கின் அஞ்சற்பெட்டி அதே கணினிக்குள் இருக்கும். அதைத் திறந்து பார்ப்பவர் யார்? எத்தனையோ கணினிகளில் ஆண்டுக் கணக்கில் ஒருவரும் திறவாத அப்பெட்டிகளில் ஆயிரக்கணக்கான கடிதங்கள் குவிந்து கிடந்திருக்கின்றன. கடைசியில் அக்கடிதங்களாலேயே வன்தட்டு நிரம்பிக் கணினி நின்றுபோனதும் உண்டு.

மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். சேர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் 'ஏஜென்ட்' என்ற பெயரில் நேரசூசிப் பணியாள் ஒருவர் இருக்கிறார். 2000ஆம் ஆண்டுப் பதிப்பின் காலத்தில் அவர் கடிதம் எழுத வேண்டுமானால், சேவையகத்திலேயே அவுட்லுக் போன்ற அஞ்சல் மென்பொருளை நிறுவ வேண்டியிருந்தது. அறைக்குள் பூட்டி வைக்கப்பட்ட, முன்னே ஒருவரும் அமராத கணினிக்கு, மனிதர் மேசையில் அமர்ந்து பயன்படுத்தும் மென்பொருள்! அதிலும் ஒரு நுட்பம் இருந்தது. அவுட்லுக்கின் விவரக்கோவை கணினிக்குப் பொதுவானதன்று. அதை அமைக்கும்போது எந்தப் பயனாளர் பெயரில் உள்ளே நுழைந்திருக்கிறோமோ அந்தப் பெயருக்கு மட்டும் உரியது. முகாமையாளர் தன் பெயரில் நுழைந்து விவரக்கோவையை அமைப்பார், சோதித்துப் பார்ப்பார், கடிதம் போகும். ஏஜென்ட்டோ வேறொரு கணக்கின் பெயரில் இயங்குபவர். அவருடைய கண்ணுக்கு அந்த விவரக்கோவை தெரியாது. பகலில் போன கடிதம் இரவில் போகாது. எத்தனை பேர் இந்த மர்மத்தை அவிழ்க்க முடியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள் என்பதை அக்காலத்துத் தொழில்நுட்பர்கள் அறிவார்கள்.

2000ஆம் ஆண்டு மே மாதத்தில் 'ஐ லவ் யூ' என்ற தலைப்புடன் ஒரு நச்சுநிரல் அவுட்லுக்கின் முகவரிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உலகைச் சுற்றியது. அதன் பின்னர் மைக்ரோசொஃப்ட் ஒரு காவலை வைத்தது. வேறொரு நிரல் அவுட்லுக்கின் வழியாகக் கடிதம் அனுப்ப முயன்றால், 'உங்கள் சார்பில் ஒரு நிரல் கடிதம் அனுப்ப முயல்கிறது, அனுமதிக்கலாமா?' என்ற பொருளில் திரையில் ஒரு கேள்வி தோன்றும். நியாயமான காவல்தான். ஆனால் அவுட்லுக்கைத் துணைக்கழைத்து இரவில் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்த சிறு நிரல்கள் பல அன்றுடன் ஊமையாயின. அதிகாலை இரண்டு மணிக்கு ஆளில்லாத அறையில் 'ஆம்' என்ற பொத்தானை அழுத்துபவர் யார்?

2005ஆம் ஆண்டுப் பதிப்பில் 'டேட்டாபேஸ் மெயில்' என்ற ஏற்பாடு வந்தது. அவுட்லுக் தேவையில்லை, அஞ்சல் சேவையகத்துடன் நேரடியாகவே பேசலாம். ஒரே விவரக்கோவையில் பல கணக்குகளை வைக்கலாம். முதலாவது தவறினால் அடுத்தது முயலும். பழைய முறை 2012ஆம் ஆண்டுப் பதிப்புடன் அடியோடு நீக்கப்பட்டது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தவர்களுக்கு இன்னொரு பாடம் காத்திருந்தது. விவரக்கோவையை அமைத்துச் சோதனைக் கடிதம் அனுப்பினால் அது போய்ச் சேரும். ஆனால் அந்த விவரக்கோவையைப் பயன்படுத்துமாறு ஏஜென்ட்டுக்குத் தனியே சொல்ல வேண்டும். கடிதத்தைப் பெறுபவர் யார் என்று தனியே பதிய வேண்டும். ஒவ்வொரு வேலையிலும் 'தோற்றால் இவருக்கு எழுது' என்று தனியே குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால், மின்னஞ்சல் அனுப்பாமல் இருப்பதே அதன் இயல்பு நிலை. நான்கு கதவுகளில் ஒன்று சாத்தியிருந்தாலும் கடிதம் வெளியே வராது. சோதனைக் கடிதம் முதலாவது கதவை மட்டுமே சோதிக்கிறது.

சரி, கடிதம் வராவிட்டால் வேலைகளின் வரலாற்றுப் பதிவேட்டையாவது புரட்டிப் பார்க்கலாமே என்பீர்கள். அதற்கும் எல்லை உண்டு. மாற்றி அமைக்காவிட்டால் ஏஜென்ட் மொத்தமாக 1,000 வரிகளையும், ஒரு வேலைக்கு 100 வரிகளையுமே வைத்திருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓடும் வேலைகள் பல இருக்கும் இடத்தில், இரவு நிகழ்ந்த தோல்வியின் சுவடு காலைக்குள் அழிந்துவிடக்கூடும்.

தொழில்நுட்ப விவரங்களை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவை யாவற்றிலும் ஒரே தவறு மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. இயந்திரம் செய்யும் வேலைக்கு மனிதர் ஒருவரின் பெயரை இரவல் கொடுக்கிறோம். இரவல் கொடுத்தவர் இடம் மாறினால், ஓய்வு பெற்றால், கடவுச்சொல்லை மாற்றினால் இயந்திரம் ஊமையாகிறது. அது ஊமையானது ஒருவருக்கும் தெரிவதில்லை. ஏனெனில் அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியதும் அதே வாய்தான்.

எனக்குத் தெரிந்த அச்சு நிறுவனம் ஒன்றில் பக்கங்களின் இலத்திரனியல் பிரதிகள் நாள்தோறும் இரவில் வேறொரு கணினிக்குத் தானாகவே நகலெடுக்கப்பட்டு வந்தன. வேலை பிழைத்தால் எழுதப்படும் மின்னஞ்சல், அதை அமைத்த இளைஞரின் பெயரில் இருந்த முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது. அவர் புலம்பெயர்ந்து சென்றார். நிர்வாகம் ஒழுங்கானது, அவர் விலகிய வாரத்திலேயே அவரது மின்னஞ்சல் கணக்கை மூடிவிட்டது. அந்தக் கணக்கைக் கொண்டே இயந்திரமும் கடிதம் அனுப்பியது என்பதை ஒருவரும் அறிந்திருக்கவில்லை. மாதங்கள் சில கழிந்து முதற்கணினியின் வன்தட்டு பழுதானபோதுதான், நகலெடுக்கும் வேலை எப்போதோ நின்றுபோயிருந்தது தெரியவந்தது. அச்சிட்ட தாள்கள் இருந்தன. ஆனால் அவற்றை ஆக்கிய மூலக் கோப்புகள் போனவை போனவைதான். அந்த இளைஞரைக் குறை சொன்னவர்கள் இருந்தார்கள். ஒரு பொது வேலையைத் தனிமனிதரின் பெயரில் நடக்கவிட்ட நிர்வாகத்தை ஒருவரும் குறை சொல்லவில்லை.

அண்மைய ஆண்டுகளில் இந்த இரவல் பெயர் வழக்கம் இன்னும் ஆபத்தானதாகிவிட்டது. மின்னஞ்சல் சேவை தருபவர்கள் காவலை இறுக்கிவருகிறார்கள். பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் காட்டி வெளி நிரல்கள் நுழைவதைத் தனியார் கணக்குகளில் கூகுள் 2022 மே 30ஆம் திகதியுடன் நிறுத்தியது. மைக்ரோசொஃப்டின் இணையவழி அஞ்சல் சேவை 2022 ஒக்டோபர் முதல் பெரும்பாலான வழிகளில் பழைய நுழைவு முறையை மூடத் தொடங்கியது. 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் தங்கள் பயனாளருக்குக் கடிதம் அனுப்பும் ஆள்களங்கள் தம் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்று விதித்தன. பெருந்தொகையாக அனுப்புவோருக்கு டிமார்க்கும் கட்டாயமாயிற்று. மோசடிக் கடிதங்கள் பெருகிய உலகில் இவை தேவையான விதிகளே. அவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால் ஒவ்வொரு விதி மாற்றத்தின்போதும் உலகெங்கும் எத்தனை இரவுப் பணியாளர்கள் ஓசையின்றி ஊமையாயினர் என்பதை எண்ணிப் பாருங்கள். மனிதர் ஒருவருக்கு அஞ்சற்பெட்டி திறக்கவில்லையென்றால் உடனே தொலைபேசியை எடுத்துக் கூச்சலிடுவார். இயந்திரம் கூச்சலிடாது.

நமது நாட்டில் நிகழ்ந்ததையும் இவ்விடத்தில் நினைவூட்ட வேண்டும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக் கணிமை வலையமைப்பு கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. வலையமைப்புடன் இணைந்திருந்த காப்புப்பிரதியும் தாக்குதலில் சிக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்குத் தனியே வைக்கப்பட்ட பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டில் இருந்தது எக்சேஞ்ச் மென்பொருளின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2023 ஏப்ரலில் முடித்திருந்தது. இது கிட்லாப் சம்பவத்திலிருந்து வேறுபட்டது. இங்கு எதிரி வெளியிலிருந்து வந்தான். ஆனால் விளைவில் ஓர் ஒற்றுமை உண்டு. நூறு நாள்களுக்கு மேலாகத் தனிப் பிரதி இல்லாதிருந்த நிலையை இழப்பு நேர்ந்த பின்னரே நாடு அறிந்தது. பிரதி எடுக்கப்படவில்லை என்ற செய்தி ஒவ்வொரு நாள் காலையிலும் பொறுப்பானவர் ஒருவரின் மேசைக்கு வந்துகொண்டிருந்தால், அந்த இடைவெளி மூன்று மாதத்தைக் கடந்து நீண்டிருக்குமா?

என்ன செய்ய வேண்டும்? என் கருத்தை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலாவதாக, இயந்திரத்துக்குச் சொந்தப் பெயரும் சொந்த முகவரியும் வேண்டும். 'இரவுப்பணி' என்றோ 'காப்புப்பிரதி' என்றோ நிறுவனத்தின் பெயரில் ஒரு கணக்கு இருக்கட்டும். எந்த ஊழியரின் பெயரும் அதில் கலக்கக் கூடாது. அந்தக் கணக்கு கடிதம் அனுப்புவதற்கு மட்டுமே உரிமை பெற்றிருக்க வேண்டும். அதன் கடவுச்சொல்லோ சான்றோ எப்போது காலாவதியாகும் என்பதை நிறுவனத்தின் நாட்காட்டியில் எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவதாக, கடிதத்தைப் பெறுபவரும் தனிமனிதராக இருக்கக் கூடாது. பதவியின் பெயரிலோ குழுவின் பெயரிலோ முகவரி இருக்க வேண்டும். ஆனால் குழுவுக்குப் போனால் 'மற்றவர் பார்ப்பார்' என்று எல்லோரும் இருந்துவிடுவர். ஆகவே இந்த வாரம் பார்ப்பவர் யார் என்பது பெயர் குறித்து எழுதப்பட வேண்டும். கிட்லாப் நிறுவனம் தன் விசாரணையில் கண்டறிந்தவற்றுள் என் மனத்தில் நின்றது இதுதான்: காப்புப்பிரதி ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்கும் பொறுப்பு ஒருவரிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவானது ஒருவருக்கும் உரியதன்று.

மூன்றாவதாக, சோதனை என்பது விவரக்கோவையைச் சோதிப்பதன்று, தோல்வியைச் சோதிப்பதாகும். வேண்டுமென்றே தோற்கும் ஒரு சிறு வேலையை உருவாக்கி, மாதம் ஒருமுறை அதை ஓடவிட்டு, அதன் அழுகுரல் உரியவரின் காதில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். தீயணைப்பு மணியை ஆண்டுக்கொருமுறையேனும் அடித்துப் பார்க்கிறோம் அல்லவா? அதைப் போன்றதுதான் இதுவும்.

நான்காவதாக, இதுவே மிக முக்கியமானது, தோல்வியை மட்டும் அறிவிக்கும் ஏற்பாடு போதாது. மின்சாரம் இல்லாத கணினி தோல்விக் கடிதம் எழுத முடியாது. நின்றுபோன ஏஜென்ட் தான் நின்றதை அறிவிக்க முடியாது. ஆகவே வேலை வெற்றியாக முடிந்தால் அதைச் சொல்ல வேண்டும்; குறித்த நேரத்துக்குள் வெற்றிச் செய்தி வராவிட்டால், வேறோர் இடத்தில் இருக்கும் வேறோர் இயந்திரம் எச்சரிக்கை எழுப்ப வேண்டும். புகையிரத இயந்திரங்கள் பலவற்றில் சாரதி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டிய மிதிகட்டை ஒன்று உண்டு. அவர் மயங்கிச் சரிந்து கால் விலகினால் வண்டி தானாகவே நிற்கும். 'நான் மயங்கிவிட்டேன்' என்று அவர் அறிவிக்க வேண்டும் என எந்தப் பொறியியலாளரும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் புத்தி நமது கணினி அறைகளுக்கும் வர வேண்டும்.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. அவற்றையும் நியாயமாக எடைபோட வேண்டும். நாற்பது வேலைகள் நடக்கும் இடத்தில் நாள்தோறும் நாற்பது வெற்றிக் கடிதங்கள் வந்தால் அவற்றை யார் வாசிப்பார் என்று கேட்பார்கள். உண்மைதான். இரண்டாவது வாரத்தில் அவற்றை ஒதுக்குப்புறக் கோவைக்குள் தள்ளிவிட ஒரு விதியை எழுதுவார்கள். மூன்றாவது வாரத்தில் தோல்விக் கடிதமும் அதே கோவைக்குள் புதைந்துவிடும். ஆகவே வெற்றிகளை எண்ணும் வேலையை இயந்திரத்திடமே விடுங்கள். மனிதருக்குக் காலையில் ஒரே ஒரு கடிதம் வரட்டும்: நாற்பதில் முப்பத்தொன்பது முடிந்தன, முடியாதது இது, என்று. அந்த ஒரு கடிதமும் வராத காலை, ஏதோ பழுதாகிவிட்ட காலை என்பதைக் காவலாளி முதல் முகாமையாளர் வரை அறிந்திருக்க வேண்டும்.

மின்னஞ்சலே பழைய ஊடகம், இப்போது உரையாடற் செயலிகள் இருக்கின்றன, அவற்றுக்கு அனுப்பிவிடலாமே என்பது இன்னொரு வாதம். பாத்திரத்தை மாற்றுவதால் பண்டம் மாறிவிடாது. அந்தச் செயலிக்கும் ஒரு கணக்கு வேண்டும், ஒரு திறவுகோல் வேண்டும், அது யாருடைய பெயரில் என்ற கேள்வி வேண்டும். கேள்விக்கு விடை இல்லாவிட்டால் புதிய பாத்திரத்திலும் பழைய கதைதான் நடக்கும்.

சிறிய நிறுவனங்களுக்கு இதற்கெல்லாம் ஆள் ஏது, பணம் ஏது என்பது மூன்றாவது வாதம். நான் சொன்னவற்றுள் பெரும்பாலானவை பணம் கேட்பவை அல்ல. ஒரு நாள் பிற்பகலையும் ஒரு பக்கத் தாளையும் கேட்பவை. எந்த வேலை, எந்த நேரம், எந்தப் பெயரில் எழுதுகிறது, யாருக்கு எழுதுகிறது, கடவுச்சொல் எப்போது முடிகிறது என ஐந்து பத்திகள் கொண்ட அட்டவணை. அதை அச்சிட்டு அறையின் சுவரில் ஒட்டுங்கள். ஊழியர் ஒருவர் விலகும் நாளில், அடையாள அட்டையையும் சாவியையும் திருப்பி வாங்கும்போது, அந்த அட்டவணையிலும் அவருடைய பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்பித்த ஒன்றை இங்கு சொல்லலாம். போர்க்காலத்தில் மாவட்ட நிருபர்கள் குறித்த நேரத்தில் தொலைபேசியில் பேசுவார்கள். வழக்கமான நேரத்தில் ஒருவர் பேசவில்லையென்றால், அந்த மாவட்டத்தில் அன்று செய்தி இல்லை என்று எந்தச் செய்தி ஆசிரியரும் முடிவு செய்ததில்லை. பாதை மூடப்பட்டதா, இணைப்பு அறுந்ததா, ஆளுக்கே ஏதாவது நேர்ந்ததா என்றுதான் முதலில் மனம் பதறும். மௌனத்தைச் செய்தியாக வாசிக்கப் பழகியிருந்தோம். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று சொல்வார்கள். அது கலியாணப் பேச்சுக்குப் பொருந்தலாம். நிருபருக்கும் பொருந்தாது, இயந்திரத்துக்கும் பொருந்தாது. பேச வேண்டியவர் பேசாதிருப்பது எப்போதும் விசாரிக்கப்பட வேண்டிய நிகழ்வு.

உலகெங்கும் பரந்து வாழும் தமிழர்களுக்கு இவ்விடயத்தில் தனியான அக்கறை இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. பிரதி இல்லாமையின் விலை என்ன என்பதை நமக்கு இன்னொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இன்று நம்மவர் பலர் தொண்டு முறையில் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் ஒலிப்பதிவுகளையும் எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறார்கள். ஊர்ச் சங்கங்கள், பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள், கோயில்கள் யாவும் தம் பதிவேடுகளைக் கணினியில் வைத்திருக்கின்றன. இவற்றை நடத்துபவர்கள் பகலில் வேறு வேலை பார்த்து இரவில் தொண்டு செய்பவர்கள். இன்று டொரன்டோவில் ஒருவர் பார்ப்பார். இரண்டு ஆண்டுகளின் பின் லண்டனில் இன்னொருவர் பார்ப்பார். ஊழியர் மாறுவதைக் காட்டிலும் விரைவாகத் தொண்டர் மாறுகிறார். ஆகவே தனிமனிதரின் பெயரில் இயந்திரத்தை நடத்தும் ஆபத்து அங்கே இரட்டிப்பாகிறது. எரிப்பவன் வராமலே இழக்க முடியும் என்பது கணினிக் காலத்தின் புதிய சங்கதி. அதற்கு ஒரு காலாவதியான கடவுச்சொல் போதும்.

இதை வாசிப்பவர் ஒரு நிறுவனத்திலோ சங்கத்திலோ பொறுப்பில் இருந்தால், தொழில்நுட்பம் தெரிய வேண்டும் என்ற அவசியமில்லை. உங்கள் கணினிக்குப் பொறுப்பானவரை அழைத்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நேற்றிரவு காப்புப்பிரதி எடுக்கப்பட்டது என்பதை நீர் எப்படி அறிந்தீர்? எடுக்கப்படாமல் இருந்திருந்தால் யாருக்குக் கடிதம் வந்திருக்கும்? அந்தக் கடிதம் கடைசியாக வந்து சேர்ந்தது எந்த நாள்? முதல் கேள்விக்கு 'கடிதம் ஒன்றும் வரவில்லை, ஆகவே எல்லாம் சரி' என்ற பதில் வருமாயின், மற்ற இரண்டு கேள்விகளையும் அன்றைக்கே கேட்டு முடித்துவிடுங்கள். மறுநாளைக்கு ஒத்திவைக்க வேண்டாம்.